பொத்தான் போடத் திணறும் பிள்ளை சோம்பேறி இல்லை

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் கேரம் பலகைதான் முதல் மைதானம். என் மகன் ஸ்ட்ரைக்கரைச் சுண்டினால் பாதி வழியிலேயே நின்றுவிடும். இல்லையென்றால் பலகையைத் தாண்டிப் பறக்கும். எட்டு வயதிலும் அவன் சட்டைப் பொத்தான்களைப் போட்டு முடிப்பதற்குள் பள்ளியில் மணி அடித்துவிடும். "கவனமே இல்லை" என்று நானும் திட்டியிருக்கிறேன். அதுதான் நான் செய்த முதல் தவறு. இன்றும் நெஞ்சில் உறுத்துகிறது.

அவனுக்கு இருப்பது வளர்ச்சிசார் ஒருங்கிணைப்புக் குறைபாடு. டிஸ்ப்ராக்சியா என்றும் சொல்வார்கள். பள்ளி வயதுப் பிள்ளைகளில் 100 பேருக்கு 5 அல்லது 6 பேரிடம் இது இருக்கிறது. அதாவது 40 பேர் படிக்கும் வகுப்பில் இரண்டு பேர். தசையில் பலவீனம் இல்லை, அறிவிலும் குறைவில்லை. அசைவைத் திட்டமிடுவதிலும் வேகத்தையும் அழுத்தத்தையும் அளந்து கொடுப்பதிலும்தான் சிக்கல். ஆகவே கேழ்வரகுக் கஞ்சி, முட்டை, எண்ணெய்த் தேய்ப்பு என்று கைக்குப் பலம் தேடி அலைவதால் இது தீராது.

பலரும் கவனிக்கத் தவறுவது சைகையை. பிரஷ் இல்லாமல் பல் தேய்ப்பதுபோல் நடித்துக் காட்டச் சொல்லிப் பாருங்கள். வளர்ந்த பிள்ளை, இல்லாத பிரஷைப் பிடித்திருப்பதுபோல் விரல்களை மடித்து, வாய்க்குச் சற்றுத் தள்ளிக் கையை அசைக்கும். சின்னஞ்சிறு பிள்ளை ஆள்காட்டி விரலையே பிரஷாக்கிவிடும். நான்கு வயதில் அது இயல்பு. இந்தக் குறைபாடுள்ள பிள்ளைகள் சிலரிடம் அதற்குப் பிறகும் நீள்கிறது. அதே பிள்ளையின் கையில் நிஜ பிரஷைக் கொடுங்கள், தடுமாற்றம் பெரும்பாலும் குறையும். பொருளின் எடையும் வடிவமும் கைக்கு வழி சொல்கின்றன. பொருள் இல்லாதபோது எல்லாவற்றையும் மனத்துக்குள்ளேயே உருவாக்க வேண்டியிருக்கிறது. இது தெரியாமல் ஆண்டு விழா நடனத்துக்கு ஒரே ஒருமுறை அபிநயம் காட்டிவிட்டு, வரவில்லை என்றதும் பின்வரிசைக்குத் தள்ளுகிறார்களே, அது கொடுமை. ஆனால் இந்த ஒரு சோதனையை வைத்துக்கொண்டு வீட்டிலேயே நோய்க்குப் பெயர் வைத்துவிடாதீர்கள்.

கையெழுத்து சரியில்லை என்று பத்துப் பக்கம் இம்போசிஷன் கொடுப்பதும் தவறு. பாவம் என்று நாமே ஊட்டி, உடுத்தி, பை தூக்கிக்கொண்டு போவதும் தவறு. எந்த வேலை வர வேண்டுமோ அந்த வேலையையே பழக்க வேண்டும். பந்தைப் பிசைந்தால் பொத்தான் போட வந்துவிடும் என்று நம்பி நான் மாதக்கணக்கில் காத்திருந்தேன், வரவில்லை. அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சையாளரான ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவர் கேரத்தை வைத்தே வழிகாட்டினார். எந்தக் காயைப் போடப்போகிறாய், விரலை எங்கே வைப்பாய், சுண்டிப் பார், நினைத்த இடத்துக்குப் போனதா என்று கேட்பார். விடையை அவனே சொல்ல வேண்டும். பொத்தானுக்கும் அதே நான்கு படிகள்தான். கீழ்ப் பொத்தானிலிருந்து தொடங்கலாம் என்று கண்டுபிடித்ததும் அவன்தான்.

"வளர்ந்தால் சரியாகிவிடும்" என்பார்கள். பலருக்கு இது வளர்ந்த பிறகும் தொடர்கிறது. பொதுவாக ஐந்து வயதுக்குப் பிறகே உறுதியாகச் சொல்ல முடியும் என்றாலும், சந்தேகம் வந்த உடனே சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனை போன்ற இடங்களில் குழந்தை நல மருத்துவரிடம் காட்டலாம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில், குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளுக்கான விளக்கத்தில் டிஸ்ப்ராக்சியா பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. பள்ளியில் எழுதக் கூடுதல் நேரம் கேட்கத் தயங்காதீர்கள்.

ஒன்றில் மட்டும் தாமதம் கூடவே கூடாது. நேற்றுவரை நன்றாக ஓடிய, படியேறிய பிள்ளை இப்போது முடியாமல் தவித்தாலோ, ஒரு பக்கக் கையோ காலோ மட்டும் தளர்ந்தாலோ, அது இந்தக் குறைபாடாக இருக்காது. அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.