"நான் மரத்தை வெட்டவே இல்லையே!"

அனுமதியில்லாமல் மரத்தைச் சேதப்படுத்தியதாக மாட்டிக்கொள்கிறவர்களில் பலர் சொல்வது இதைத்தான். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஒருவர் கார் நிறுத்த இடம் வேண்டுமென்று அடிமரம் வரை சிமென்ட் பூசியிருப்பார். இன்னொருவர் மதிலுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது குறுக்கே வந்த வேரை அறுத்திருப்பார். கோடாரி தூக்கினால்தான் குற்றம் என்று நினைப்பதுதான் முதல் தவறு.

சட்டத்தில் 'வெட்டுதல்' விரிந்த சொல். டெல்லியின் 1994ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டத்தில் கிளை கழிப்பதும், பட்டையை வளையமாக உரிப்பதும், மருந்து வைத்துக் கொல்வதும், தீயிடுவதும் அந்தச் சொல்லுக்குள்ளேயே அடங்கும். இங்கிலாந்தில் பாதுகாப்பு ஆணை (குறிப்பிட்ட மரத்தை அனுமதியின்றித் தொடக் கூடாது என்று உள்ளாட்சி போடும் உத்தரவு) உள்ள மரத்தின் வேரை அறுக்கவும் அனுமதி வேண்டும்.

"சின்ன மரம்தானே" என்பது அடுத்தது. டெல்லியில் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் தண்டு 5 செ.மீ. விட்டமும், மரம் ஒரு மீட்டர் உயரமும் இருந்தால் போதும், அது மரம். இங்கிலாந்தின் பாரம்பரியப் பாதுகாப்புப் பகுதிகளில் 1.5 மீட்டர் உயரத்தில் 7.5 செ.மீ. விட்டத்தைத் தாண்டிய மரத்தில் கை வைக்க 6 வாரம் முன்பே உள்ளாட்சிக்கு எழுதித் தர வேண்டும். அளக்கும்போது கவனம்: சில ஊர் விதிகள் சுற்றளவைச் சொல்லும், சில விட்டத்தை. சுற்றளவு விதியை விட்டமாக எடுத்துக்கொண்டால், பாதுகாக்கப்பட்ட மரமும் விதிக்கு வெளியே இருப்பதாகத் தோன்றும்.

பக்கத்து வீட்டுக் கிளை நம் பக்கம் நீண்டால்? ஆங்கிலேயச் சட்டத்தில் 1894லேயே தீர்ப்பு வந்துவிட்டது: எல்லைக்கோடு வரை நாமே வெட்டலாம். ஆனால் வெட்டிய கிளையும் அதிலிருக்கும் பழமும் மரத்துக்காரருடையவை. மரத்துக்குப் பாதுகாப்பு ஆணை இருந்தால், இந்த உரிமையை மட்டும் நம்பி ரம்பத்தை எடுப்பது ஆபத்து. உரிமை இருக்கிறதோ இல்லையோ, முதலில் கதவைத் தட்டிப் பேசுவதில் நட்டமில்லை.

எனக்கு அதிகம் கவலை தருவது மண்ணுக்குள் நடப்பது. வேர் ஆணிபோல் நேரே கீழே இறங்குகிறது என்று நினைக்கிறோம். உண்மையில் பெரும்பகுதி மேல்மண்ணின் ஒரு மீட்டருக்குள்ளேயே, கிளைகளின் நிழலையும் தாண்டிப் பரவிக் கிடக்கும். கட்டுமானத்துக்கான பிரிட்டிஷ் தரநிலை, தண்டின் விட்டத்தைப்போல 12 மடங்கு ஆரத்தை வேர்ப்பகுதியாக விடச் சொல்கிறது. 40 செ.மீ. விட்டமுள்ள மரத்துக்கு அது 4.8 மீட்டர். அதற்குள் பள்ளம் தோண்டுவது மட்டுமல்ல, மணல் குவிப்பதும் லாரி ஏற்றுவதும்கூட மண்ணை இறுக்கி வேரின் மூச்சை அடைக்கும். மரம் உடனே சாகாது. சில ஆண்டு கழித்துச் சாயும். அப்போது பழி காற்றின் மேல் விழும்.

பட்ட மரம், சாயப்போகும் மரம் என்றால் சில சட்டங்களில் விலக்கு உண்டு. ஆனால் வெட்டிய பிறகு அடிக்கட்டையைக் காட்டி "பட்டுப்போயிருந்தது" என்றால் யார் நம்புவார்? வெட்டுமுன் நாலு பக்கமும் படம் எடுங்கள், உள்ளாட்சிக்கு எழுத்தில் சொல்லுங்கள்.

மரம் வெட்ட வருபவர் "அனுமதியெல்லாம் நான் பார்த்துக்கிறேன்" என்பார். கடிதத்தைக் கையில் வாங்கிப் படியுங்கள்: எந்த மரம், எத்தனை கிளை, எந்தத் தேதிக்குள், பதிலுக்கு எத்தனை கன்று நட வேண்டும். அவர் மீறினாலும், வெட்டச் சொன்ன உங்களிடமும் கேள்வி வரும்.