காட்டில் பறவை பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏரிக்கரையில் பறவை பார்த்துப் பழகியவர்கள் காட்டுக்குள் வந்ததும் திணறுவார்கள். கரையில் பறவை கண்ணெதிரே நிற்கும். காட்டில் அது முதலில் காதுக்குத்தான் கிடைக்கும். அதைத் தேடி நடந்துகொண்டே இருப்பதுதான் பெரிய தவறு. சருகில் விழும் ஒவ்வோர் அடியும் பறவைகளை அடக்கிவிடுகிறது. கொஞ்சதூரம் நடந்ததும் பத்து நிமிடமாவது அசையாமல் நில்லுங்கள். பழுத்த அத்தி மரம், ஓடை வளைவு, மரம் சாய்ந்து வெயில் இறங்கும் திட்டு ஆகியவை நிற்பதற்கு ஏற்ற இடங்கள். அடங்கிய பறவைகள் மெல்ல அசையத் தொடங்கும்.

அரைமணி நேரம் ஒன்றுமே இல்லாமல் கிடந்த இடம் திடீரென நாலா பக்கமும் சலசலக்கும். பூச்சி தின்னும் பல இனப் பறவைகள் ஒன்றாகச் சேர்ந்து இரை தேடி வருகின்றன என்று பொருள். அப்போது பரபரத்து அதன் பின்னால் ஓடினால் கூட்டம் கலையும். அது நகரும் திசையைப் பார்த்து, பாதையை விட்டு இறங்காமல் சற்று முன்னால் போய் நின்றால் தலைக்கு மேலேயே கடந்துபோகும். எல்லோரும் உச்சிக்கிளையையே பார்ப்பார்கள். அடிமரத்தையும் புதரையும் விட்டுவிடாதீர்கள்.

பைனாகுலரில், பெரிதாகக் காட்டுவதே நல்லது என்று 12×25 வாங்குகிறார்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது; இரண்டாவது எண் முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மி.மீ. அளவில். 25-ஐ 12-ஆல் வகுத்தால் சுமார் 2. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் விட்டம் அந்த 2 மி.மீ. மட்டுமே. 8×42-இல் அது 5.25 மி.மீ. விடியற்காலை மரநிழலில் கண்மணி நன்றாக விரிந்திருக்கும், 2 மி.மீ. ஒளி அதற்குப் போதாது, படம் மங்கிவிடும். கை நடுக்கமும் 12 மடங்காகத் தெரியும். காட்டுக்கு 8×42 போதும்.

வாங்கிய பைனாகுலரைத் தன் கண்ணுக்குப் பொருத்தாமலே வருடக்கணக்கில் வைத்திருப்பவர்கள் பலர். வலப்பக்க முன்கண்ணாடியை மூடிக்கொண்டு, நடுச்சக்கரத்தைத் திருகி, தூரத்து மரப்பட்டையின் வெடிப்பு இடக்கண்ணுக்குத் துல்லியமாகத் தெரியும்படி செய்யுங்கள். பிறகு இடப்பக்கத்தை மூடி, சக்கரத்தைத் தொடாமல், வலக்கண் வைக்கும் பக்கத்தில் உள்ள வளையத்தை மட்டும் திருகி அதே வெடிப்பைத் தெளிவாக்குங்கள். வளையம் நிற்கும் அளவை நினைவில் வையுங்கள். பெரும்பாலான பைனாகுலர்களில் வளையம் வலப்பக்கம்தான். சிலவற்றில் இடம் மாறியிருக்கும். கண்ணாடி அணிபவர்கள் கண் வைக்கும் இடத்தைச் சுற்றியுள்ள கண்குவளையை உள்ளே இறக்கிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் காட்சியின் ஓரம் கறுத்துவிடும். பறவையைக் கண்டதும் குனிந்து பைனாகுலரைத் தேடாதீர்கள். பார்வை பறவை மேலேயே இருக்கட்டும், கை மட்டும் மேலே வரட்டும்.

நிறத்தை நம்பி இனம் சொல்வது இன்னொரு பிழை. வானத்தைப் பின்புலமாகக் கொண்டு பார்த்தால் பச்சைப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். அலகின் வடிவம், வாலின் நீளம், உட்காரும் விதம் ஆகியவற்றை முதலில் பாருங்கள். பறவை இருக்கும்போதே கையேட்டைப் புரட்ட வேண்டாம். அது போனபின் புரட்டிக்கொள்ளலாம். குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் செயலிகள் தருவது துப்பு மட்டுமே. துடுப்புவால் கரிச்சான் பிற பறவைகளின் குரலை அப்படியே எழுப்பக்கூடியது. கண்ணால் பார்க்காமல் பட்டியலில் ஏற்றிவிடாதீர்கள்.

பளிச்சென்ற வெள்ளை உடை, உரசிச் சத்தமிடும் துணி, பெரிய கும்பல் ஆகியவற்றைத் தவிர்ப்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

பறவையை வரவழைக்கக் கைபேசியில் அதன் குரலை ஒலிபரப்புவதை மட்டும் எந்தச் சாக்குச் சொல்லியும் செய்யாதீர்கள். எல்லை காக்கும் ஆண்பறவை எதிரி வந்துவிட்டதாக நினைத்து, இரை தேடுவதையும் கூட்டையும் விட்டுவிட்டு அங்கே வந்து அலையும். கூட்டின் பக்கம் போவதும் அப்படித்தான். தாய்ப்பறவை வாயில் புழுவுடன் கிளையில் உட்கார்ந்து விட்டுவிட்டுக் கத்தினால், நீங்கள் கூட்டுக்கு மிக அருகில் நிற்கிறீர்கள். வந்த வழியே உடனே விலகுங்கள். படம் எடுக்க மறைக்கும் இலையைக் கிள்ளினால் குஞ்சுகள் மேல் நேர் வெயில் விழும், காக்கைக்கும் வழி தெரிந்துவிடும். படத்தைப் பகிரும்போது இடக்குறிப்பை நீக்கிவிடுங்கள்.