தூக்கக் கலக்கம்: எழுந்தவுடன் செய்யக்கூடாதவை

2010ஆம் ஆண்டு மே 22 அன்று அதிகாலையில் துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூரு ஓடுபாதையைத் தாண்டி ஓடிப் பள்ளத்தில் விழுந்ததில், அதிலிருந்த 166 பேரில் 158 பேர் உயிரிழந்தனர். விமானி அறையின் ஒலிப்பதிவில் தலைமை விமானியின் குறட்டை கேட்டது. ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாக உறங்கிய அவர், விழித்த சிறிது நேரத்திலேயே விமானத்தைத் தரையிறக்க வேண்டியிருந்ததால், தூக்க மந்தம் அவரது முடிவுகளைப் பாதித்திருக்கக்கூடும் என்று விசாரணை அறிக்கை குறிப்பிட்டது.

நாம் தூக்கக் கலக்கம் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகும் அதே நிலைதான் இது. விழித்தவுடன் மூளைத்தண்டு போன்ற பகுதிகளில் இரத்த ஓட்டம் விரைவாக மீள்கிறது. ஆராய்ந்து முடிவெடுக்க உதவும் நெற்றிப்புற மூளைப்பகுதியோ அதைவிட மெதுவாகவே செயலுக்குத் திரும்புகிறது. ஆகவே, நடக்கவும் பேசவும் முடிகிற ஒருவர், தாம் முழுத் தெளிவோடு இருப்பதாக நம்பிக்கொண்டே தவறான முடிவை எடுக்கக்கூடும். இம்மந்தம் பொதுவாகப் பதினைந்து முதல் முப்பது நிமிடங்கள் நீடிக்கும். பல நாள் போதிய உறக்கமின்றித் தூக்கக் கடன் சேர்ந்திருந்தால் ஒரு மணி நேரத்தையும் தாண்டும்.

முதல் தவறு, இந்த அரை மணி நேரத்தைப் பொருட்படுத்தாமல் விடுவது. சாலையோரத்தில் வண்டியை நிறுத்திக் கண்ணயர்ந்த ஓட்டுநர், முகம் கழுவி ஒரு தேநீர் குடித்த கையோடு வண்டியை எடுப்பது நம் நெடுஞ்சாலைகளில் அன்றாடக் காட்சி. முகத்தில் பட்ட தண்ணீரின் சுறுசுறுப்பு சீக்கிரமே அடங்கிவிடும்; தேநீரிலுள்ள காஃபின் நன்கு வேலை செய்யவோ ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகும். தேநீரைக் குடித்துவிட்டு இருபது நிமிடம் உறங்கினால், விழிக்கும் வேளையில் அதன் பயன் கிடைக்கத் தொடங்கும். கேட்பதற்கு முரணாகத் தோன்றினாலும், வரிசையை இப்படி மாற்றுவதே சரி. அப்போதும் சற்று உலாவிய பின்னரே வண்டியை எடுக்க வேண்டும்.

இருபது நிமிடம் என்ற அளவுக்குக் காரணம் உண்டு. உறங்கத் தொடங்கி அரை மணி நேரம் கடந்தால் பெரும்பாலும் ஆழ்ந்த உறக்கத்துக்குள் சென்றுவிடுகிறோம். அதன் நடுவே எழுப்பப்படும்போதுதான் கலக்கம் மிகக் கடுமையாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மதிய விருந்துக்குப்பின் ஒரு மணி நேரம் உறங்கி எழுந்தவர், காலையா மாலையா என்று தெரியாமல் திகைப்பது இதனால்தான். குறைவாக உறங்கியதால் வந்த சோர்வு என்று அதைத் தவறாக எண்ணி மறுபடியும் படுப்பவர்கள், இரவு உறக்கத்தையும் கெடுத்துக்கொள்கிறார்கள்.

அலாரத்தைத் திரும்பத் திரும்பத் தள்ளிவைப்பதை நான் அவ்வளவு பெரிய குற்றமாகக் கருதவில்லை. ஆனால் ஆறரைக்கு எழ வேண்டியவர் ஐந்தரை மணி முதலே அலாரம் வைத்தால், அந்த ஒரு மணி நேர உறக்கம் துண்டு துண்டாகி வீணாகிறது. ஒரே அலாரத்தை ஆறரைக்கு வைப்பது மேல். வார நாட்களில் ஆறு மணிக்கும் விடுமுறையில் பத்து மணிக்கும் எழுவது உடற்கடிகாரத்தைக் குழப்பி, திங்கட்கிழமைக் காலையைக் கடினமாக்கும். இரவில் சளிக்காக விழுங்கிய மாத்திரையின் மயக்கமும் சிலருக்குக் காலைவரை தொடரும்.

இவை எல்லாவற்றையும்விடக் கவலை தரும் தவறு ஒன்று உண்டு. ஏழெட்டு மணி நேரம் உறங்கியும் நாள்தோறும் தலைபாரத்தோடு எழுபவர், அதைத் தம் சோம்பலாகக் கருதி வாளாவிருப்பது. உரத்த குறட்டையும் இடையிடையே மூச்சுத் தடைபடுதலும் இருந்தால், அது உறக்க மூச்சுத்திணறலாக இருக்கலாம். மூச்சு நிற்கும் ஒவ்வொரு முறையும் மூளை சில நொடிகள் விழித்துக்கொள்வதால், உறங்கிய நேரம் கணக்கில் இருந்தும் பயனில்லாமல் போகிறது. உறங்குபவருக்கு இது பெரும்பாலும் தெரியாது என்பதால், மருத்துவரிடம் செல்லும்போது அதே அறையில் படுப்பவரையும் உடன் அழைத்துச் செல்வது நல்லது.