பீற்றூட் முளைக்காததற்குக் காரணம் வரம்பின் உச்சி

யாழ்ப்பாணத்து அரியாலையில் கடனீரேரிப் பக்கம் உள்ள எங்கள் துண்டுக் காணியில், மண்ணை வரம்பாக உயர்த்திப் பீற்றூட் போட்டேன். உவரைத் தாங்கும் பயிர் என்ற நம்பிக்கை. 10 நாளாகியும் அங்கொன்று இங்கொன்றாகத்தான் முளைத்தது. வந்ததும் இலை விளிம்பு கருகி நின்றது.

விதை பழுது என்று வேறு கடையில் வாங்கிப் போட்டேன். அதே கதை. மாட்டெரு போட்டு, தண்ணீரும் கூடுதலாக இறைத்தேன். இன்னும் மோசம்.

ஒருநாள் விடியக்காலை பார்த்தால், வரம்பின் உச்சியில் மட்டும் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. விதை போட்டதும் அதே உச்சியில்தான்! இரு பக்க வாய்க்கால் நீரும் ஊறி மேலேறி, அங்கே உப்பை விட்டுவிட்டு ஆவியாகிறது. பீற்றூட் வளர்ந்த பிறகுதான் உவரைத் தாங்கும், முளைக்கும்போது தாங்காது.

மூன்றாம் தரம் வரம்பின் சரிவில் ஊன்றினேன். இறைப்பையும் மாற்றினேன். எங்கள் சுண்ணாம்புக்கல் நிலத்தடியில் நல்ல தண்ணீர் உவர்நீரின் மேல் மிதக்கிறது. தொடர்ந்து இறைத்தால் கீழுள்ள உவர் எழும்பும். முதல் வாளியையும் ஒரு மணி நேரம் கழித்து வருவதையும் நாக்கில் வைத்தாலே வித்தியாசம் தெரிந்தது. ஆகவே காலை அரை மணி, பின்னேரம் அரை மணி. ஏழாம் நாள் வரிசையாக முளை. அப்பாடா என்றிருந்தது.