முப்பது வயதில் மலத்தோடு ரத்தம்: மூலம் என்று முடிவு கட்டும் முன்

ரத்தம் போனால் மூலம், உப்பினால் கேஸ், வலித்தால் அல்சர். இளவயதில் இந்தக் கணிப்பு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். குடல் புற்றுநோய் கண்ணில் படாமல் நழுவுவதும் அதனால்தான்.

50 வயதுக்குள் இந்நோய் வந்தவர்களைப் பற்றி 2023-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. நோய் தெரிவதற்கு 3 மாதம் முதல் 2 ஆண்டு முன்பே தலைகாட்டியவை நான்கு: வயிற்றுவலி, ஆசனவாயில் ரத்தம், வயிற்றுப்போக்கு, இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகை. இவற்றில் ரத்தமும் சோகையும் அதிகக் கவலைக்குரியவை.

டாக்டரிடம் போகுமுன் குறித்துக்கொள்ளுங்கள்: ரத்தம் எப்போதிலிருந்து, மலத்தில் கலந்தா, மேலே ஒட்டியா, போய்வந்த பிறகும் பாக்கி இருப்பது போன்ற உணர்வு உண்டா, வயிற்றுத் தொந்தரவு தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா, எடை எவ்வளவு இறங்கியது. பெற்றோர், உடன்பிறந்தோருக்குக் குடல் அல்லது கருப்பைப் புற்றுநோய் வந்திருந்தால், எந்த வயதில் என்பதையும் சொல்லுங்கள்.

விரல் விட்டுப் பார்க்கும் பரிசோதனையைக் கூச்சத்தால் தவிர்க்காதீர்கள். ஒரு நிமிட வேலை. மலக்குடலின் கீழ்ப்பகுதிக் கட்டி விரலுக்கே தட்டுப்படும். பெண்கள் பெண் டாக்டரைக் கேட்கலாம். மூலம் கண்ணுக்குத் தெரிந்தாலும் அதற்கு மேலே கட்டி இல்லை என்று ஆகாது. மூலத்துக்கு லேசர் செய்துகொள்ளும் முன் 'உள்ளே பார்த்தாயிற்றா?' என்று கேளுங்கள்.

ரத்தத்தில் ஹீமோகுளோபினும், உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள். ஹீமோகுளோபின் ஆணுக்கு 13-க்கும் பெண்ணுக்கு 12-க்கும் கீழே என்றால் சோகை. பெண்களுக்கு மாதவிலக்கின் மேல் பழி போட்டு இரும்பு மாத்திரை கொடுப்பது வழக்கம். எண் ஏறிவிடும், குடலில் ரத்தக் கசிவு இருந்தால் அது மறைந்தே இருக்கும்.

வயிற்று ஸ்கேன் நார்மல் என்றதும் பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். அல்ட்ராசவுண்ட் குடலின் உட்சுவரைச் சரியாகக் காட்டாது. சந்தேகம் இருந்தால், ஆசனவாய் வழியே கேமரா குழாய் விட்டுப் பெருங்குடல் முழுவதையும் பார்க்கும் கொலோனோஸ்கோப்பிதான். அதன் சிறிய வடிவமான சிக்மாய்டோஸ்கோப்பி இடப்பக்கத்தோடு நின்றுவிடும். சோகையாக மட்டுமே வெளிப்படும் கட்டிகள் பல வலப்பக்கத்தில் இருப்பவை.

கொலோனோஸ்கோப்பிக்கு ஒரு வாரம் முன்பே இரும்பு மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள். இரண்டு மூன்று நாள் கீரை, கொய்யா, விதையுள்ள காய்கள் வேண்டாம். பேதி மருந்தில் பாதியை முந்தைய மாலையும் மீதியை, சொன்ன நேரத்தில், சோதனை நாளன்றும் குடித்தால் குடல் நன்றாகச் சுத்தமாகும். கடைசியில் வெளியேறுவது தெளிந்த மஞ்சள் நீராக இருக்க வேண்டும். சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாமைக்கான மாத்திரை பற்றி முன்கூட்டியே கேளுங்கள்.

வயிறு வீங்கி, வாந்தி வந்து, காற்றும் பிரியவில்லை என்றாலோ, ரத்தம் அதிகம் போய்த் தலை சுற்றினாலோ அன்றே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

ரிப்போர்ட்டில் கருவி சீக்கம் (வலப்பக்கத்தில் பெருங்குடல் தொடங்கும் இடம்) வரை சென்றதா என்று பாருங்கள். செல்லவில்லையென்றால் வலப்பக்கத்தை இன்னும் முழுதாகப் பார்க்கவில்லை. அதை எப்போது பார்ப்பது என்று கேட்காமல் கிளம்பாதீர்கள்.