முதுகுவலிக்கு மெத்தை வாங்கப் போறீங்களா? நூலும் தராசும் வேணும்

“முதுகு வலிக்குதா? கட்டாந்தரையில படு, சரியாப் போயிரும்.” மதுரைப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் இந்த வைத்தியம் சொல்வார். கடைக்குப் போனாலும் ஏறக்குறைய அதே பேச்சுதான்: “கெட்டியா, ஆர்த்தோ மெத்தையா எடுத்துக்கங்கண்ணே.” இரண்டையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். ஸ்பெயினில் நாள்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கெட்டி மெத்தையும் மறு பிரிவுக்கு நடுத்தரக் கெட்டி மெத்தையும் கொடுத்து 90 நாள் கவனித்தார்கள். 2003இல் லான்செட் மருத்துவ இதழில் அந்த ஆய்வு வந்தது. நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்குத்தான் வலி கூடுதலாகக் குறைந்திருந்தது. ‘ஆர்த்தோ’ என்பது கம்பெனி ஒட்டும் பெயர், டாக்டர் கொடுத்த சான்று இல்லை.

ஒரு எச்சரிக்கை. கால் மரத்துப்போவது, சிறுநீர் அடக்க முடியாமல் போவது, வலியோடு காய்ச்சல் அல்லது எடை குறைவது, எப்படிப் படுத்தாலும் ராத்திரியில் விடாமல் வலிப்பது, இதில் ஒன்று இருந்தாலும் மெத்தைக் கடை இரண்டாம் பட்சம். முதலில் எலும்பு டாக்டரைப் பாருங்கள். காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் மூட்டு இறுக்கமாக இருந்து, நடமாடினால் தளர்கிறது என்றால் அது வாத நோயாக இருக்கலாம். அதற்கு மெத்தை மருந்தாகாது.

1. பழைய மெத்தையில் நூல் பிடியுங்கள்

விரிப்பை எடுத்துவிட்டு, தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை ஒரு நூலை இரண்டு பேர் இழுத்துப் பிடியுங்கள். இடுப்பு வரும் இடத்தில் நூலுக்கும் மெத்தைக்கும் நடுவே ஸ்கேல் வைத்து அளங்கள். ஆளில்லாதபோதே ஓர் அங்குலத்துக்கு மேல் பள்ளம் தெரிந்தால் மெத்தை ஓய்ந்துவிட்டது.

அடுத்து மெத்தையைத் தூக்கிவிட்டு கட்டிலிலும் அதே நூலைப் பிடியுங்கள். பலர் இதைச் செய்வதே இல்லை. மெல்லிய பிளைவுட் நடுவில் தொய்ந்திருக்கும், அல்லது நாடா தளர்ந்திருக்கும். அதன்மேல் எவ்வளவு விலை கொடுத்த மெத்தையைப் போட்டாலும் அதுவும் தொய்யும். வாரண்டி கேட்டுப் போனால் “கட்டில் சரியில்லை” என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். 12 மி.மீ. பிளைவுட் மாற்றி, நடுவே ஒரு குறுக்குச் சட்டம் அடிக்கச் சொல்லுங்கள். சட்டக் கட்டிலானால் சட்டங்களுக்கு இடையே 3 அங்குலத்துக்கு மேல் இடைவெளி வேண்டாம்.

முழங்கால் நன்றாக மடங்குகிறவர்கள் மூன்று ராத்திரி தரையில் ஜமுக்காளமும் மேலே ஒரு மெத்தைவிரிப்பும் போட்டுப் படுத்துப் பாருங்கள். காலை வலி குறைந்தால் குற்றவாளி பள்ளம் விழுந்த மெத்தைதான். தோளும் இடுப்பெலும்பும் புதிதாக வலித்தால், ரொம்பக் கெட்டியானது உங்களுக்கு ஒத்துவராது. முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் இந்தச் சோதனைக்குப் போக வேண்டாம்; எழுந்திருப்பதே பெரும்பாடாகிவிடும்.

2. அளவு, உயரம்

கட்டிலின் உள்பக்கத்தை அளந்துகொள்ளுங்கள். ஆறுக்கு மூணு என்று பேச்சுக்குச் சொன்னாலும் கட்டில் 72 அங்குலமா, 75ஆ, 78ஆ என்பதைப் பார்த்தால்தான் சரி. அதைவிட முக்கியம் உயரம். கட்டிலும் மெத்தையும் சேர்ந்து தரையிலிருந்து 18 முதல் 20 அங்குலம் இருந்தால், ஓரத்தில் உட்காரும்போது பெரும்பாலோருக்குப் பாதம் தரையில் பதியும். முழங்கால்வலிக்காரருக்கு ஓர் அங்குலம் கூடினால் நல்லது, குறைந்தால் தொல்லை. ஏற்கெனவே உயரமான தேக்குக் கட்டிலில் 8 அங்குல மெத்தையைப் போட்டுவிட்டு பாட்டி ஏற முடியாமல் தவிப்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம்.

3. எப்படிப் படுக்கிறீர்கள்?

மல்லாந்து படுப்பவருக்கு நடுத்தரக் கெட்டி. ஒருக்களித்துப் படுப்பவருக்கு அடி கெட்டியாகவும் மேல் இரண்டு அங்குலம் மெத்தென்றும் இருக்க வேண்டும். இல்லையென்றால் உடம்பு எடை முழுவதும் தோளிலும் இடுப்பெலும்பிலும் இறங்கும். எடை கூடுதலானவர் இதையே சற்றுக் கெட்டியாக எடுக்கலாம். கணவர் 90 கிலோ, மனைவி 50 கிலோ என்றால் ஆறுக்கு ஆறு ஒரே மெத்தை வேண்டாம். ஆறுக்கு மூணு இரண்டு வாங்கி ஒரே கட்டிலில் சேர்த்துப் போடுங்கள். ஒருவர் புரண்டால் மற்றவர் விழிப்பதும் நின்றுபோகும்.

4. எந்தச் சரக்கு?

இலவம்பஞ்சு நம் ஊர்ச் சரக்கு. போடிநாயக்கனூர்ப் பஞ்சு பேர்போனது. உடம்புக்குக் குளிர்ச்சி. ஆனால் படுக்கப் படுக்க அமுங்கி, இடுப்புப் பக்கம் கட்டி தட்டிப் பள்ளம் விழும். அடிக்கடி வெயிலில் போட்டு, பிரித்து அடித்துத் தைக்க ஆள் இருந்தால் சரி. நாள்பட்ட முதுகுவலிக்கு அதை மட்டும் நம்ப முடியாது.

ரப்பரைஸ்டு காயர், அதாவது தேங்காய் நார் மெத்தை, கெட்டியாகத் தாங்கும், காற்றும் புகும். தனியாகப் படுத்தால் சிலருக்கு முரடாகத் தெரியும். 4 அங்குலக் காயருக்கு மேல் 1 அல்லது 2 அங்குல லேடெக்ஸ் (ரப்பர் பால் ஃபோம்) போட்டால், ஏசி இல்லாத மதுரை வீட்டுக்கு எங்கள் கணக்கில் அதுதான் முதல் தேர்வு. விலை கூடுதல் என்றால் லேடெக்ஸுக்குப் பதில் நல்ல ஃபோம்.

மெமரி ஃபோமில் ஒரு சூட்சுமம் உண்டு. அது சூட்டில் இளகும், குளிரில் இறுகும். ஷோரூம் ஏசியில் படுத்தபோது கச்சிதமாகத் தாங்கிய மெத்தை, கத்திரி வெயில் நாளில் மாடி அறையில் சேறு மாதிரி உள்ளே வாங்கும். உடம்புச் சூட்டையும் வெளியே விடாது. ஏசி போட்டுத் தூங்குகிறவர் என்றால் மட்டும் எடுங்கள். அதுவும் மேலே 2 அங்குலம் போதும்.

ஸ்பிரிங்கில் போனல் வேண்டாம், ஒவ்வொரு சுருளும் தனித்தனித் துணிப்பையில் இருக்கும் பாக்கெட் ஸ்பிரிங் பாருங்கள். போனலில் சுருள்கள் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதால் ஓர் இடம் அமுங்கினால் பக்கத்து இடமும் இறங்கும்.

5. கடையில் கை விட்டுப் பாருங்கள்

மாசி வீதிக் கடையானாலும் பைபாஸ் ரோட்டு ஷோரூமானாலும் உட்கார்ந்து ஆட்டிப் பார்த்து வாங்காதீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, வீட்டில் படுக்கிற மாதிரியே 15 நிமிடம் படுங்கள். கூச்சப்பட்டால் நஷ்டம் உங்களுக்கு. வலி உள்ளவரே வர வேண்டும். அப்பாவுக்கு மெத்தை வாங்க மகன் படுத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

மல்லாந்து படுத்ததும் கூட வந்தவர் இடுப்பு வளைவுக்கு அடியில் உள்ளங்கையை நுழைக்கட்டும். கை தாராளமாகப் போய்வந்தால் மெத்தை ரொம்பக் கெட்டி. நுழையவே இடமில்லாமல் இடுப்பு புதைந்திருந்தால் ரொம்ப மெது. லேசாக உரசிக்கொண்டு போனால் சரி. பிறகு ஒருக்களித்துப் படுங்கள். பின்னாலிருந்து பிடரி முதல் இடுப்பு வரை ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். முதுகுத்தண்டு நேர்கோடாகத் தெரிய வேண்டும், தொட்டில் மாதிரி தொங்கக் கூடாது.

6. தராசு

“டென்சிட்டி எவ்வளவுண்ணே?” என்றால் “எல்லாம் ஹை டென்சிட்டிதான்க்கா” என்று பதில் வரும். டென்சிட்டி என்றால் ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பது. எண்ணாகச் சொல்லச் சொல்லுங்கள். தினமும் படுக்கிற பியூ (பாலியூரித்தேன்) ஃபோமுக்கு 40 இருந்தால் நல்லது, 32க்குக் கீழே போகாதீர்கள். ஆறுக்கு மூணு அளவில் ஓர் அங்குலத் தடிமன் 40 டென்சிட்டி ஃபோம் சுமார் 1.7 கிலோ இருக்கும். 32 என்றால் 1.36 கிலோ. ஆக, 4 அங்குல ஃபோம் 6.8 கிலோவுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். உறையின் எடை தனி. 5 கிலோதான் வருகிறது என்றால் 40 என்று சொன்னது பொய்.

இந்தக் கணக்கு ஒரே ஃபோமால் ஆன மெத்தைக்குத்தான். துண்டு ஃபோமை ஒட்டிச் செய்யும் ரீபாண்டட் இயல்பாகவே கனக்கும், அதனால் கனமெல்லாம் தரமில்லை. டென்சிட்டி வேறு, கெட்டித்தன்மை வேறு. டென்சிட்டி காட்டுவது எத்தனை வருஷம் உழைக்கும் என்பதை.

பில்லில் அளவு, அடுக்குகளின் பெயர், தடிமன், டென்சிட்டி நான்கும் எழுதி வாங்குங்கள். வாரண்டியில் எத்தனை அங்குலப் பள்ளத்துக்கு மாற்றித் தருவார்கள், கறை பட்டால் செல்லுமா என்று கேளுங்கள். திருப்பி எடுப்போம் என்று சொன்னால், ஏற்றுக்கூலி யார் பாடு என்பதையும் சேர்த்து.

7. முதல் மாதம்

உடம்பு பழக இரண்டு மூன்று வாரம் ஆகும். தினமும் காலையில் வலிக்கு 10க்கு எவ்வளவு என்று காலண்டரில் குறித்து வையுங்கள். நாலாவது வாரமும் குறையவில்லை என்றால் திருப்பும் தேதி தாண்டுவதற்குள் பேசிவிடுங்கள்.

தலையணையை மறக்க வேண்டாம். மெத்தென்ற மெத்தையில் உடம்பு உள்ளே இறங்குவதால் பழைய தலையணை உயரமாகி, கழுத்து பிடிக்கும். மல்லாந்து படுப்பவர் முழங்காலுக்கு அடியிலும், ஒருக்களிப்பவர் இரண்டு முழங்காலுக்கு நடுவிலும் ஒரு சின்னத் தலையணை வையுங்கள்.

மெத்தை கெட்டியாகத் தெரிந்தால் மேலே ஓர் அங்குல லேடெக்ஸ் போட்டுச் சமாளிக்கலாம். ரொம்ப மெத்தென்று தெரிந்தால் அடியில் பலகை போட்டுப் பயனில்லை. பலகை கட்டில் தொய்வுக்குத்தான் மருந்து. பிளைவுட் மேல் போட்டிருந்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் அடிப்பக்கம் பூசணம் பிடிக்கும். பலகையில் அங்கங்கே துளை போட்டு, வாரம் ஒரு தடவை மெத்தையைச் சாய்த்து நிறுத்திக் காற்றாட விடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலைமாட்டைக் கால்மாடாகத் திருப்பிப் போட்டு, திருப்பிய தேதியை உறையின் ஓரத்தில் பேனாவால் எழுதி வையுங்கள்.