ஆலோசகர்களை உருவாக்கும் பேராசிரியர்கள் சறுக்கும் இடங்கள்

கவுன்சிலிங் என்றால் பொறியியல் சேர்க்கையும் கவுன்சிலர் என்றால் வார்டு உறுப்பினரும் நினைவுக்கு வரும் நம்மில் பலருக்கு, உளவள ஆலோசகர்களைப் பயிற்றுவிக்கும் பேராசிரியப் பணி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஒரு தனித்துறை என்பது தெரியாது. முதல் தவறு இங்கேயே தொடங்குகிறது. உளவியலில் ஏதேனும் ஒரு முனைவர் பட்டம் போதும் என்று எண்ணிப் படித்தவர்கள், வேலைக்கு விண்ணப்பிக்கும்போதுதான் விழித்துக்கொள்கிறார்கள். 1981-இல் தோன்றிய காக்ரெப் என்ற தரச்சான்று அமைப்பு, தன் சான்று பெற்ற துறைகளின் முதன்மை ஆசிரியர்களுக்கு ஆலோசகர் கல்வியிலேயே முனைவர் பட்டம் வேண்டும் என்கிறது. 2013 ஜூலைக்கு முன்பே முழுநேரமாகக் கற்பித்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. பணி நிரந்தரமாகும் வரை ஆய்வுக் கட்டுரைகளைத் தள்ளிப்போடுவதும் இதைப் போலவே தாமதமாக உறைக்கும் பிழை.

இவற்றைவிடப் பெரியது, நல்ல ஆலோசகர் தாமாகவே நல்ல மேற்பார்வையாளராகிவிடுவார் என்ற நம்பிக்கை. முதுகலை மாணவர் 100 மணி நேரச் செய்முறைப் பயிற்சியையும் 600 மணி நேரக் களப்பயிற்சியையும் மேற்பார்வையில் முடிக்க வேண்டும். மாணவர் நடத்திய ஆலோசனை அமர்வு ஒன்றின் பதிவை அவரும் பேராசிரியரும் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆலோசனைக்கு வந்தவர், "போன மாதம் அப்பா இறந்துட்டார்" என்று சொல்லி மௌனமாகிறார், நான்கே நொடியில் மாணவர், "வீட்டில் வேற யார் இருக்காங்க?" என்று கேட்டுவிடுகிறார். பதிவை நிறுத்தி, "நானாக இருந்தால் காத்திருப்பேன்" என்று பேராசிரியர் சொன்னால், அடுத்த வாரம் அந்த மாணவர் தேவையில்லாத இடத்திலும் காத்திருப்பார். "அந்த நான்கு நொடியில் உங்களுக்குள் என்ன நடந்தது?" என்று கேட்டால்தான், மௌனத்தைத் தம் தோல்வியாக அவர் எண்ணிப் பதறியது வெளியே வரும்.

அந்தக் கேள்வியில் மாணவரின் சொந்தத் துயரமும் கிளம்பக்கூடும். அப்போது பேராசிரியர் பழக்கதோஷத்தில் ஆலோசகராகவே மாறிவிடுவது எதிர்ப்பக்கத்துப் பள்ளம். மதிப்பெண் போடுபவரிடம் யாராலும் மனம் திறக்க முடியாது என்பதால், தம்மிடம் படிக்கும் மாணவர்களுக்கு ஆலோசனை வழங்குவதை அமெரிக்க ஆலோசனைச் சங்கத்தின் நெறிமுறை தடுக்கிறது. அவரை வேறொருவரிடம் அனுப்புவதே முறை.

தகுதியற்ற மாணவரைத் தடுக்கும் கடமையில்தான் பலர் நழுவுகிறார்கள். குறைகளை வாய்மொழியாக மட்டும் சொல்லிவிட்டு, திருத்தத் திட்டம் எதையும் எழுதித் தராமல் கடைசிப் பருவத்தில் தேர்ச்சி மறுப்பது மாணவருக்கு அநீதி, துறைக்கும் ஆபத்து. ஒருபால் ஈர்ப்புள்ள ஒருவரைத் தம் மத நம்பிக்கை காரணமாக வேறு ஆலோசகரிடம் அனுப்பக் கோரிய மாணவியை ஈஸ்டர்ன் மிச்சிகன் பல்கலைக்கழகம் 2009-இல் நீக்கியது. 2012-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அப்படி அனுப்புவதைத் தடுக்கும் விதி எழுத்தில் எங்கே இருக்கிறது என்ற கேள்வியை முன்வைத்து வழக்கை விசாரணைக்குத் திருப்பியது. அது சமரசத்தில் முடிந்தது. தனிப்பட்ட விழுமியங்களை மட்டும் காரணம் காட்டி ஒருவரை வேறிடம் அனுப்பக் கூடாது என்ற வாசகம் சங்கத்தின் நெறிமுறையில் வெளிப்படையாக இடம்பெற்றது 2014-இல்தான்.